தொலைபேசிக் கம்பியில் வந்த இணையம்



பேராக் மாநிலத்தின் தென் எல்லையில் இருப்பது நமது தஞ்சோங் மாலிம். பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர் மாநிலம் வந்துவிடும். 1922 ஆம் ஆண்டில் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இங்கே தொடங்கப்பட்டது. 1997 இல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் சிலவற்றில் கணினி என்னும் புதுப் பொருளும் வந்து சேர்ந்தது. அதனோடு வந்ததுதான் மோடம் என்னும் சிறு பெட்டி. அந்தப் பெட்டியின் வரலாற்றையும், அது இணைப்புத் தர மறுத்தபோது நம் மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் இன்று காண்போம்.

கம்பி வழியே செய்தி அனுப்புவது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே தந்திக் கம்பி போடப்பட்டது. பின்னர்த் தொலைபேசி வந்தது. தோட்டங்களில் அது நெடுங்காலம் அலுவலகத்திலும் துரை பங்களாவிலும்தான் மணியடித்தது. லயத்து வீடுகளை அது எட்டவில்லை. ஆகவே, தாமான் வீட்டில் முதல் தொலைபேசி பொருத்தப்பட்ட நாளைப் பல குடும்பங்கள் ஒரு திருநாளாகவே நினைவில் வைத்திருந்தன. அந்தக் கம்பியில் கணினியையும் சேர்த்துவிடலாம் என்று யாரோ சொன்னபோது, தொலைபேசி கெட்டுவிடுமோ என்று பெரியவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

இனி, மோடம் செய்த வேலை என்ன என்று பார்ப்போம். கணினிக்கு எண்கள்தாம் தெரியும். தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. எண்களை ஓசையாக மாற்றிக் கம்பியில் அனுப்பி, மறுமுனையிலிருந்து வரும் ஓசையை மீண்டும் எண்களாக மாற்றித் தருவதே மோடத்தின் பணி. 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மோடம் ஒன்று வினாடிக்கு 300 பிட் அனுப்பியது. 1998 இல் உலகப் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட மோடத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 56,000 பிட். ஒரு புகைப்படம் எண்பது இலட்சம் பிட் அளவுடையது என்று வைத்துக்கொள்வோம். பழைய மோடத்தில் அது வந்து சேர ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். புதியதில் மூன்று நிமிடம் போதும். ஆனாலும் தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடியதால், அந்த மூன்று நிமிடமும் பெற்றோருக்கு நீண்டதாகவே தோன்றியது.

நம் நாட்டில் இம்முயற்சியைத் தொடங்கியது மிமோஸ் என்னும் அரசு ஆய்வுக் கழகம். 1985 இல் அமைந்த இக்கழகம், 1987 இல் ரங்கோம் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களின் கணினிகளைத் தொலைபேசி வழியே இணைத்தது. 1992 இல் ஜாரிங் என்னும் சேவை உருவாகி, நாட்டை உலக இணையத்தோடு சேர்த்தது. 1996 இல் டெலிகோம் நிறுவனம் தி.எம்.நெட் சேவையைத் தொடங்கியது. ஜாரிங்குக்கு 1511, தி.எம்.நெட்டுக்கு 1515 என்ற எண்களைக் கணினி சுழற்றியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். 2000 ஆம் ஆண்டில் சிற்றூர் அஞ்சலகங்களில் கிராமப்புற இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அதே ஆண்டில், ஊழியர் சேமநிதியிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுக்கவும் வழி செய்யப்பட்டது. பின்னர் அது நிறுத்தப்பட்டது. அப்படி எடுத்த பணம் பால்வெட்டி, காய் பொறுக்கிச் சேர்த்த முதுமைக்காலப் பணம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. கணினி வந்தது, மோடம் வந்தது, கணக்குக்கான பெயரும் கடவுச்சொல்லும் ஒரு தாளில் வந்தன. ஆயினும், பிள்ளை பொத்தானை அழுத்தினால் இணைப்புக் கிடைக்கவில்லை. திரையில் அறியாத மொழியில் ஓர் அறிவிப்பும் ஓர் எண்ணும் தோன்றின. 'பணம் போட்டு வாங்கிய பொருளைக் கெடுத்துவிட்டாயே' என்று தகப்பனார் கடிந்துகொள்வார். பிள்ளை கண் கலங்கும். நல்ல நிலையில் இருந்த பெட்டியைப் பட்டணத்துக்குத் தூக்கிச் சென்று, பழுது பார்க்கும் கூலி கொடுத்து வந்தவர்களும் உண்டு.

உண்மையில் அந்த எண்ணே நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. இணைப்பு நான்கு படிகளில் நிகழ்ந்தது. முதலாவது, கம்பியில் தொலைபேசி ஒலி இருக்கிறதா என்று மோடம் கேட்டுப் பார்க்கும். இரண்டாவது, எண்ணைச் சுழற்றும். மூன்றாவது, மறுமுனை மோடத்தோடு கீச்சொலியும் இரைச்சலுமாகப் பேசி வேகத்தை முடிவு செய்துகொள்ளும். நான்காவது, பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பும். 1995 இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதலான கணினிகளில் 680 என்ற எண் தோன்றினால் கம்பியில் ஒலி இல்லை என்று பொருள். கம்பி கழன்றிருக்கலாம், அல்லது அடுத்த அறையில் யாரேனும் தொலைபேசியை எடுத்திருக்கலாம். 676 என்றால் மறுமுனை வேறு அழைப்பில் இருக்கிறது. சற்றுப் பொறுத்து மீண்டும் முயலவேண்டும். 678 என்றால் மறுமுனை விடை தரவில்லை; சுழற்றிய எண் சரிதானா என்று பார்க்கவேண்டும். 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை.

இந்த 691 தான் நம் வீடுகளை மிகவும் கலங்கடித்தது. ஆனால் சற்றே சிந்தித்தால், இது பெரும்பாலும் நல்ல செய்தி என்பது விளங்கும். கம்பி சரி, மோடம் சரி, மறுமுனையும் சரி. வாசல்வரை போய்விட்டோம், சாவிதான் பொருந்தவில்லை. விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான விசை அழுந்தியிருந்தாலும், சுழியம் என்ற எண்ணை ஓ என்ற ஆங்கில எழுத்தாக எடுத்துக்கொண்டாலும், மாதக் கட்டணம் பாக்கியிருந்து கணக்கு நிறுத்தப்பட்டிருந்தாலும் இதே எண்தான் வரும். இவற்றில் எதற்கும் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.

பெட்டியே பழுதான வேளைகளும் இருந்தன. மாலை நேரத்து இடிமழையில் மின்னல் தொலைபேசிக் கம்பி வழியே புகுந்து மோடத்தைக் கருக்கிவிடுவது நம் வட்டாரத்தில் வழக்கமாக இருந்தது. அப்போது கணினி மற்ற வேலைகளைச் செய்யும். மோடம் மட்டும் ஊமையாகிவிடும். வானம் கறுத்ததும் மின்கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் பிடுங்கி வைக்க மக்கள் கற்றுக்கொண்டனர்.

தோட்டத்தில் பால் குறைந்தால், அனுபவமுள்ள தொழிலாளி உடனே மரத்தைக் குறை சொல்வதில்லை. மழை பெய்ததா, வெட்டு சரியா, மங்கு நிறைந்து வழிந்ததா, நிறுவையில் குறைந்ததா என்று வரிசையாகப் பார்ப்பார். அந்த அறிவே கணினிக்கும் போதுமானதாக இருந்தது. அது நம்மிடம் இல்லாத அறிவன்று. புதுப் பொருளைக் கண்ட அச்சத்தில் நாம் எடுத்துப் பயன்படுத்தாத அறிவு.

இத்தனை பாடுபட்டு உள்ளே நுழைந்தவர்களுக்கு அங்கே தமிழும் காத்திருந்தது. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995 இலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்னும் மென்பொருளால் தமிழில் கடிதம் எழுத முடிந்தது. 2001 ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. கடல்கடந்த உறவினரோடு தாய்மொழியில் எழுதிக்கொள்ளும் வாய்ப்பு, அந்தக் கீச்சொலிக்கு அப்பால் இருந்தது.

2001 இல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்தது. 2010 இல் யூனிஃபை வந்தது. எண் சுழற்றும் மோடம் பழம்பொருளாயிற்று. ஜாரிங் நிறுவனமும் 2015 இல் மூடப்பட்டது. ஆனால் 2020 இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பிள்ளைகள் கைப்பேசியில் பாடம் படிக்க நேர்ந்தபோது, பழைய காட்சியே மீண்டும் அரங்கேறியது. வகுப்புக்குள் நுழைய முடியாத பிள்ளை, 'நீதான் எதையோ அழுத்திவிட்டாய்' என்று திட்டு வாங்கியது.

ஆகவே பெற்றோர்களே, கருவி மாறினாலும் முறை மாறுவதில்லை. இணைப்பு இருக்கிறதா, முகவரி சரியா, மறுமுனை விடை தருகிறதா, பெயரும் கடவுச்சொல்லும் பொருந்துகின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள். திரையில் தோன்றும் எண்ணைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு பிறகு உதவி கேளுங்கள். கடவுச்சொல்லை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுது எங்கே என்று தெரியுமுன் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். பழுதைத் தேடும் வேலையில் அவனையும் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு பாடமே.