மாட்டுக்குப் போன ஆரஞ்சுத் தோல்

பரீட்சை எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு.

ஊரில் எங்க பாட்டி பழத்தோலைக் குப்பையில் போட விடவே மாட்டார். வாழைப்பழத் தோல், பலாப்பழத் தோல் எல்லாம் நேரா மாட்டுக்குத் தான். இங்கே ஜெர்மனியில் நேத்து காலையில் ஆரஞ்சு ஜூஸ் குடிக்கும்போது அது ஞாபகம் வந்துச்சு. சாறு நமக்கு, சரி. தோல் எங்கே போகுது? தேடினால் ஒரு பெரிய வரலாறே இருக்கு.

ஆரஞ்சைப் பிழிந்தால் ஏறக்குறைய பாதி எடை தோலும் சக்கையுமாக மிஞ்சும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பழச்சாறு ஆலைகள் பெருகியபோது இந்தக் கழிவு பெரிய தலைவலி. ஈரத்தோடு குவித்தால் புளித்து நாறும். காய வைக்கலாம்னா, தோலில் இருக்கும் பெக்டின் தண்ணீரை விடாமல் பிடிச்சுக்கும். வழவழன்னு இருக்கும் அதைப் பிழியவும் முடியாது.

இதுக்குக் கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமை: கொஞ்சம் சுண்ணாம்பு! அதைக் கலந்தால் பெக்டினின் பிடி தளர்ந்து தண்ணீர் பிரிந்துவிடும். பிழிந்த நீரைக் காய்ச்சினால் வெல்லப்பாகு மாதிரி ஒன்று கிடைக்கும். மிச்சத்தை உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாத தீவனம். அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் பெக்டினை நன்றாகவே செரிக்கும். 1930களில் இது அங்கே ஒரு தொழிலாகவே வளர ஆரம்பித்தது. உறைந்த அடர்சாறுக்கு 1948-ல் காப்புரிமை கிடைத்த பிறகு சாறு விற்பனை எகிறியது, கூடவே தோலும்.

1962 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் கடும் உறைபனி. தோட்டங்கள் கருகின. அந்த இடைவெளியில் பிரேசில் உள்ளே வந்து, பின்னாளில் உலகின் மிகப் பெரிய ஆரஞ்சுச் சாறு ஏற்றுமதியாளர் ஆனது. தோலும் குருணைத் தீவனமாகக் கப்பலேறி ஐரோப்பிய மாடுகளுக்கு வந்தது.

இங்கே தான் வினை. 1998-ல், நான் இப்போ இருக்கும் இதே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பாலில் டையாக்ஸின் அளவு ஏறுவதைக் கண்டுபிடித்தார்கள். துருவிப் பார்த்தால் பிரேசில் ஆரஞ்சுத் தீவனம். ஆனால் குற்றவாளி தோல் இல்லைங்க, சுண்ணாம்பு! வேதித் தொழிற்சாலைக் கழிவாக வந்த சுண்ணாம்பைக் கலந்திருக்கிறார்கள். டையாக்ஸின் கொழுப்பில் தங்கும் நஞ்சு. தீவனத்தில் துளி இருந்தாலும் பாலில் வந்து நிற்கும். அதே வருஷம் ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் தீவனத்துக்குக் கிலோவுக்கு 500 பிகோகிராம் என்று உச்ச வரம்பு வைத்தது. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

கழிவைத் தீவனமாக்குவது தப்பே இல்லை. மாடு வயிறு நிறையும், ஆறு குளம் நாறாது. ஆனால் ஒரு கழிவைப் பதப்படுத்த இன்னொரு கழிவைச் சேர்க்கும்போது அது எங்கிருந்து வந்ததுன்னு கேட்க ஆள் வேணும். கழனித் தொட்டியில் என்ன விழுதுன்னு பாட்டிக்குத் தெரியும். கப்பலில் வந்த மூட்டைக்குள் என்ன இருக்குன்னு இங்கிருந்த விவசாயிக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவு தான்.

உங்க ஊரில் எந்தப் பழக்கழிவு மாட்டுக்குப் போகுது? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்கா :)