சீட்டுகள் மோதும்போது: மேஜிக் விதிகளில் காலமும் வகையும்

ரிச்சர்டு கார்ஃபீல்டு வடிவமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ 1993இல் வெளிவந்தது. பொதுவிதியை ஏதோவொரு வகையில் மீறுவதுதான் இதன் சீட்டுகளுக்கு இயல்பு. ஆகவே இரு மீறல்கள் ஒரே பொருளின்மேல் விழுந்தால் எது செல்லும் என்ற கேள்வி ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. 1999இன் ஆறாம் பதிப்பு விதிகள் சிக்கலை எளிமையாக்கிவிட்டன என்பார்கள். அது பாதி உண்மை. நிகழ்வுகளின் மோதலைக் காலவரிசையிடம் ஒப்படைத்த அந்தச் சீர்திருத்தம் நிலைகளின் மோதலைத் தீர்க்கவில்லை. அதற்கு வகைவரிசை தேவைப்பட்டது.

1999க்கு முன் சீட்டின் வகைக்கேற்ப முன்னுரிமை இருந்தது. ‘இன்டரப்ட்’ சீட்டுகள் ‘இன்ஸ்டன்ட்’ சீட்டுகளை முந்தும். ஒன்றுக்கொன்று பதிலடியாக விழுந்த சீட்டுகள் ஒரே தொகுதி, காயங்கள் அந்தத் தொகுதியின் முடிவில்தான் கணக்கில் வரும். அதனால் 2/2 உயிரிக்கு (தாக்கும் வலிமை 2, தாங்கும் வலிமை 2) +3/+3 தரும் ‘ஜயண்ட் குரோத்’ சீட்டுக்குப் பதிலடியாக, மூன்று காயம் தரும் ‘லைட்னிங் போல்ட்’டை எறிந்தாலும் உயிரி பிழைத்துவிடும். ஆறாம் பதிப்பு இன்டரப்டை ஒழித்து ‘ஸ்டாக்’கைக் கொண்டுவந்தது: கடைசியில் வந்தது முதலில் நிறைவேறும். இப்போது அதே போல்ட் முந்திக்கொள்ள, உயிரி இறக்கிறது.

ஆனால் மேசையில் நிலைத்திருக்கும் விளைவுகள் ஒவ்வொரு கணமும் செயல்படுபவை. அவற்றை ஸ்டாக்கில் வரிசைப்படுத்த முடியாது. உயிரிகள் எல்லாம் திறனிழந்து 1/1 ஆகும் என்கிறது ‘ஹியுமிலிட்டி’ (1997) என்ற மந்திரநிலைச் சீட்டு. மற்ற மந்திரநிலைச் சீட்டுகளை உயிரிகளாக்கி, அவற்றின் விலையையே வலிமையாக்குகிறது ‘ஓபலெசன்ஸ்’ (1999). இரண்டும் மேசைக்கு வந்தால் ஹியுமிலிட்டியே உயிரியாகித் தன் திறனையும் பறித்துக்கொள்கிறது. திறன் போனபின் அதன் விளைவு நிற்குமா? விதிநூலின் 613ஆம் பிரிவு இதற்கு ஏழு ‘லேயர்’களில் விடை சொல்கிறது: நகல், கட்டுப்பாடு, வாசகம், வகை, நிறம், திறன், வலிமை. நான்காம் லேயரில் ஹியுமிலிட்டி உயிரியாகிறது, ஆறாவதில் திறனிழக்கிறது, ஆனாலும் ஒரு லேயரில் தொடங்கிய விளைவு அடுத்தவற்றிலும் தொடரும் என்பதால், ஏழாவதில் 1/1 என்ற ஆணை உயிரோடு இருக்கிறது. அங்கே இரு சீட்டுகளும் வலிமையை நிர்ணயிப்பதால்தான் காலம் நுழைகிறது. பிந்தி வந்தது ஓபலெசன்ஸ் என்றால் ஹியுமிலிட்டி தன் விலைப்படி 4/4, இல்லையென்றால் 1/1.

எல்லாவற்றையும் வந்த வரிசைப்படியே தீர்த்தால் எளிதல்லவா என்று கேட்கலாம். அப்படியானால் 2/2 உயிரியின்மேல் முதலில் ஜயண்ட் குரோத், பிறகு அதைத் தவளையாக்கும் ‘டர்ன் டு ஃபிராக்’ விழுந்தால் 1/1. மாறி விழுந்தால் 4/4. லேயர் முறையில் இரண்டும் 4/4தான். யார் எப்போது எதைப் போட்டார் என்ற நினைவுச்சுமை பெருமளவு குறைகிறது. முழுவதும் நீங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரே லேயருக்குள் இன்னும் காலம்தான் தீர்மானிக்கிறது. அதற்கும் விலக்கு உண்டு. நிலச் சீட்டுகளின் வகையை மாற்றும் ‘பிளட் மூன்’, ‘அர்போர்க்’ இரண்டும் ஒரே நான்காம் லேயரில் மோதுகின்றன. முன்னது பின்னதன் திறனையே அழிப்பதால், எது எப்போது வந்தாலும் பிளட் மூன்தான் முதலில் செயல்படுகிறது. சார்புநிலை என்ற இந்த விதி வகைவரிசையில் ஒட்டுப்போட்டதுதான். ஆனாலும் அது காலவரிசையை மேலும் பின்னுக்குத்தான் தள்ளுகிறது.

கணினி நினைவில் வைத்துக்கொள்ளுமே என்ற வாதம் இணைய ஆட்டத்துக்குப் பொருந்தும். காகிதச் சீட்டை மேசையில் வைத்து ஆடும்வரை லேயர் முறையே சரியான தீர்வு.