தந்திரம் என்ற சொல்லும் எங்கள் கோயிலும்

இந்தப் புத்தாண்டு மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தரும்படி சங்கத்துச் செயலாளர் அண்ணை கேட்டபோது, "நான் ஏ.எல். வரைக்கும் படிச்சவன், அதுக்குப் பிறகு படிச்சதெல்லாம் தொழிற்சாலையிலை மெசின் புத்தகம்தான்" என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. "நீர் ஏ.எல்.லுக்கு இந்து நாகரிகம் எடுத்தனீர்தானே, அதிலை ஏதும் எழுதும்" என்றார். ஆகவே இரண்டு வருடமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சொல் தந்திரம்.

தந்திரம் என்றவுடன் எங்களுக்கு ஞாபகம் வருவது காகத்தின் வாயிலிருந்த வடையைத் தட்டிப் பறித்த நரிதான். மந்திர தந்திரம் என்று சேர்த்துச் சொன்னால் செய்வினை, சூனியம், கழிப்புக் கழிக்கிறது. இங்கே ஜேர்மனியில் அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தம். ஒருநாள் இரவு வேலையில், இடைவேளை நேரம், என்னோடு ஒரே மெசினில் நிற்கும் ஜேர்மன்காரர் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். 'தந்த்ரா' வகுப்பாம், சனி ஞாயிறு இரண்டு நாள். ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்தபடி ஒரு படம். "இது உங்களுடைய சமயம்தானே?" என்று கேட்டார். கேலியாக அல்ல, அறிகிற ஆசையில்தான் கேட்டார். எனக்கு முகம் சூடாகிப் போச்சுது. "இல்லை, எங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று சொல்லிப்போட்டுக் கோப்பியைக் குடித்தேன்.

நான் சொன்னது பிழை.

சமஸ்கிருதத்தில் 'தன்' என்றால் விரித்தல், நீட்டுதல். தறியிலே நீளப் போடும் பாவுக்கும் தந்திரம் என்று பெயர்; பிறகு ஒரு முறையை விரித்துச் சொல்லும் புத்தகத்துக்கும் அதே பெயர் வந்தது. தமிழில் நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான் அல்லவா, அதுபோல. திருமூலருடைய திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது என்று பாடமாக்கித்தான் சோதனை எழுதினோம். ஏன் அப்படிப் பெயர் என்று நாங்கள் கேட்கவுமில்லை, சேர் சொல்லவுமில்லை. காமிகம் முதல் வாதுளம் வரை 28 சிவாகமங்கள் என்று சொன்னோமே, அந்தக் காமிகம் தன் படலங்களின் முடிவில் தன்னைத் தந்திரம் என்றே சொல்லிக்கொள்கிறது. ஆகமம், தந்திரம் இரண்டும் ஒரே வகை நூலுக்கு வழங்கிய இரண்டு பெயர்கள். கேரளத்தில் கோயிலின் தலைமைக் குருவை இன்றைக்கும் 'தந்திரி' என்றுதான் அழைக்கிறார்கள். அவர்கள் சொல்லைத் தொலைக்கவில்லை. நாங்கள் அதை நரியிடம் கொடுத்துவிட்டோம்.

இந்த நூல்கள் எப்போது தோன்றின? இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய சைவத் தந்திரம் 'நிச்வாச தத்துவ சங்கிதை' என்று ஆராய்ச்சியாளர் கொள்கிறார்கள். அதன் பழைய பகுதிகள் ஏறத்தாழ 5ஆம், 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதன் 9ஆம் நூற்றாண்டுப் பனையோலைச் சுவடி ஒன்று நேபாளத்தில் காத்மண்டு நகரில் இருக்கிறது. நாங்கள் இருக்கிற இந்த நாட்டுக்கும் அந்த ஊர் ஏடுகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1970 முதல் 2001 வரை நேபாள அரசும் ஜேர்மனியும் சேர்ந்து அங்குள்ள ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சுவடிகளைப் படச்சுருளில் எடுத்தன. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் குருக்கள்மாரின் வீடுகளில் கிடந்த ஆகமச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தது. அந்தச் சேகரம் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியது. இதை வாசிக்கேக்கை எனக்கு 1981தான் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்துபோன ஓலைகளை ஒருவரும் படம் பிடித்து வைத்திருக்கவில்லை.

தந்திரங்கள் சொன்ன புதிய விஷயம் எது? யாகம் செய்தால் சொர்க்கம் என்று வேதக் கிரியைகள் சொல்லின. உலகத்தைத் துறந்தால் விடுதலை என்று துறவிகள் சொன்னார்கள். தந்திரகாரர் தீட்சை என்ற கிரியையே ஆன்மாவின் கட்டை அறுக்கும் என்றார்கள். நிர்வாண தீட்சையில் சீடனின் குடுமியிலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் ஒரு நூலைத் தொங்கவிட்டு, அவனுடைய பாசங்களை மந்திரத்தால் அந்த நூலுக்கு மாற்றி, குரு அதைத் துண்டு துண்டாக வெட்டி அக்கினியில் போடுவார். கட்டு என்பது அவர்களுக்கு வெறும் உவமை இல்லை. கையால் பிடித்து அறுக்கக்கூடிய ஒன்று.

இதை நான் விளங்கிக்கொண்டது புத்தகத்தால் அல்ல, என் மகளால். எங்கள் சங்கத்துக் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை பூசை நடக்கேக்கை, "அப்பா, ஐயா ஏன் விரலை இப்பிடி இப்பிடிச் செய்யிறார்?" என்று கேட்டாள். இந்து நாகரிகம் படித்த அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. பூசை முடிந்து ஐயா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் மாறி மாறிக் கோத்துக் கீழே காட்டினார். "இது தேனு முத்திரை பிள்ளை. பார், பசுவின்ரை மடி மாதிரி இருக்கோ? இதைக் காட்டினால் தண்ணி அமுதமாகும்." மகள் அன்றைக்கு வீட்டில் தண்ணீர்ப் போத்தல், பால், சூப் எல்லாவற்றுக்கும் மேலே பசுவின் மடி காட்டினாள்.

எனக்கு அவர் மிச்சத்தைச் சொன்னார். திரை விலகுகிறதுக்கு முன்னமே பூசையின் பாதி முடிந்துவிடுகிறது. குருக்கள் முதலில் பூதசுத்தி செய்கிறார். மண், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்று தன் உடம்பை ஒவ்வொன்றாக ஒடுக்கி, பாவனையிலே எரித்து, அமுதத்தால் நனைத்து, மந்திரங்களால் புது உடம்பாக்குகிறார். அதற்குப் பிறகு நியாசம். கைவிரல்களிலும் நெஞ்சிலும் தலையிலும் மந்திரங்களை வைக்கிறார். உள்ளே மனத்தால் ஒரு பூசை. அதன்பின்தான் இறைவனை வெளியே இருக்கும் மூர்த்தியில் எழுந்தருளச் செய்கிறார். சிவமானவனே சிவனைப் பூசிக்கலாம் என்பது அவர்களுடைய விதி. நாங்கள் வெளியே நின்று வேலைக் கதையும் வீட்டுக் கதையும் கதைக்கிற நேரத்திலே, உள்ளே ஒரு மனுசன் தன்னை எரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்!

இந்த ஒழுங்கைத் தெளிவாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் அகோரசிவாசாரியார். சிதம்பரத்தோடு தொடர்புடையவர். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் எழுதிய 'கிரியாகிரமத்யோதிகை' என்ற கைநூல் தமிழ்ச் சிவாசாரியார்களுக்கு இன்றைக்கும் வழிகாட்டி.

ஆனால் தந்திரம் என்றால் கோயில் பூசை மட்டும்தான் என்று எழுதினால் நானும் அந்த விளம்பரத்தாள் மாதிரிப் பாதியைத்தான் சொன்னவனாவேன். பாதைகள் பல. காஷ்மீரத்தில் 1000ஆம் ஆண்டளவில் வாழ்ந்த அபிநவகுப்தர் 37 அத்தியாயங்களில் 'தந்திராலோகம்' எழுதினார். சித்தாந்திகள் ஆன்மாவும் சிவனும் வேறு, மலத்தைக் கிரியைதான் நீக்கும் என்றார்கள். அபிநவகுப்தரோ இருப்பது ஒரே சிவம், அதை அறியாமைதான் கட்டு, அறிவே பெரிய கிரியை என்றார். அந்த வழியாரின் 'விஞ்ஞான பைரவம்' என்ற சிறிய நூலில் 112 தியான முறைகள் இருக்கின்றன. பூவும் வேண்டாம், மணியும் வேண்டாம். உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் கவனி, ஆழக் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது மனம் நிற்கிற நிலையைக் கவனி என்று போகிறது. அதில் ஒன்று, நெடுங்காலம் காணாத உறவினரைக் கண்டவுடன் எழும் ஆனந்தம் இருக்கிறதே, அது எழும் இடத்தைப் பிடித்து அதிலேயே கரைந்து போ என்பது. 2022இல், 12 வருசத்துக்குப் பிறகு என் அம்மா பிராங்போட் விமான நிலையத்தில் தள்ளுவண்டியோடு வெளியே வந்தபோது எனக்கு வந்தது என்னவென்று எனக்குத் தெரியும். கரைய விடவில்லை. பெட்டி எத்தனை என்று எண்ணத் தொடங்கிவிட்டேன்.

அந்த விளம்பரத்தாள் விஷயத்தையும் ஒளிக்கத் தேவையில்லை. கௌலம் என்ற வழியில் மது, மாமிசம், மீன், வறுத்த தானியம், ஆண்பெண் சேர்க்கை ஆகிய ஐந்தும் பூசைப் பொருளாயின. இவற்றைப் பஞ்ச மகாரம் என்பார்கள். சுத்தம், அசுத்தம் என்று மனம் போடும் கோட்டை அழிப்பது நோக்கம். தீட்சை பெற்ற சிலர் குருவின் முன் இரகசியமாகச் செய்தது அது. அபிநவகுப்தர் அதையும் தன் நூலில் ஒரு அத்தியாயமாக எழுதியிருக்கிறார். எங்கள் சித்தாந்த மரபு அதை ஏற்கவில்லை. அம்பாளை ஸ்ரீசக்கரத்தில் வழிபடும் ஸ்ரீவித்தையிலும் இரண்டு கட்சி இருந்தது. சமயாசாரத்தார் எல்லாவற்றையும் மனத்துக்குள்ளேயே செய்தார்கள், கௌலர் வெளியிலும் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் காவேரிக்கரையில் வாழ்ந்து லலிதா சகஸ்ரநாமத்துக்கு உரை எழுதிய பாஸ்கரராயர் கௌல வழியைச் சேர்ந்தவர். எங்கள் பெண்கள் வெள்ளிக்கிழமையில் படிக்கிற அதே சகஸ்ரநாமம்தான்.

வெள்ளைக்கார மிசனரிமார் இந்த ஒரு மூலையைக் கண்டு தந்திரம் முழுவதையும் ஆபாசம் என்றார்கள். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜோன் வுட்ரொவ், ஆர்தர் அவலோன் என்ற பெயரில் 1913 தொடக்கம் தந்திர நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டு அதற்கு மறுப்புச் சொன்னார். 1960களுக்குப் பிறகு மேல்நாட்டார் அதே மூலையைப் பிடித்து, இம்முறை நல்ல சாமான் என்று விற்கத் தொடங்கினார்கள்.

பௌத்தத்திலும் தந்திரம் உண்டு. காஞ்சிபுரத்தோடு தொடர்புள்ள வஜ்ரபோதி என்ற துறவி 8ஆம் நூற்றாண்டில் இலங்கை வழியாகக் கப்பலேறிச் சீனா போனார். அவருடைய மாணவர் அமோகவஜ்ரர், அவருடைய மாணவர் ஹுய்குவோ. ஹுய்குவோவிடம் 805இல் தீட்சை பெற்ற கூகாய் அதை ஜப்பானுக்குக் கொண்டு போனார். கண்ணைக் கட்டி மண்டலத்தின் மேல் பூப் போடச் சொல்வது அந்தத் தீட்சையிலும் உண்டு, சைவ தீட்சையிலும் உண்டு. ஜப்பானில் அவர்கள் இன்றைக்கும் அக்கினி வளர்த்துச் செய்கிற கிரியைக்குப் பெயர் 'கோமா'. எங்களுடைய ஹோமம்தான், கடல் தாண்டினதில் வாய் கொஞ்சம் மாறிவிட்டது.

ஒரு கசப்பான விஷயத்தையும் எழுதவேண்டும். பல தந்திரங்கள் நான்கு வருணத்தாருக்கும் பெண்களுக்கும் தீட்சை உண்டு என்கின்றன. சுவச்சந்த தந்திரம் இன்னும் ஒருபடி மேலே போய், தீட்சை பெற்றவனின் பழைய சாதியைச் சொல்வதே பாவம், அதற்குப் பிராயச்சித்தம் செய் என்கிறது. வேறு ஆகமங்கள் சாதி வரிசையை வைத்துக்கொண்டதும் உண்மை. எங்கள் ஊர் எதைப் பிடித்தது? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடும்படி கேட்டு நின்றவர்களை ஆகமத்தின் பெயரைச் சொல்லித் தடுத்தார்கள். நூலிலே இரண்டும் இருந்தது. வசதியானதை எடுத்தோம்.

கடைசியாக, நான் கண்ணால் கண்ட ஒரு தந்திரத்தைச் சொல்கிறேன். எங்கள் சங்கத்துக் கோயில் இருந்த வாடகை மண்டபத்தைப் போன வருடம் விடவேண்டி வந்தது. ஆறு கிலோமீற்றர் தள்ளி வேறு இடம் எடுத்தோம். மூர்த்திகளை அப்படியே தூக்கி ஏத்திக்கொண்டு போகலாம் என்று நான் நினைத்திருந்தேன். ஐயா விடவில்லை. நூல் சுற்றிய கும்பத்தை மூர்த்திக்கு முன் வைத்து, தர்ப்பையால் இரண்டையும் தொடுத்து, மந்திரத்தால் மூர்த்தியில் இருந்த சக்தியைக் கும்பத்து நீருக்கு இழுத்தார். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். ஊரில் திருப்பணி நடக்கிறபோது பாலஸ்தாபனத்துக்குச் செய்வதும் இதுதான், கும்பாபிஷேகத்தில் அந்த நீரைத் திரும்ப மூர்த்திக்கு வார்ப்பதும் இதன் மறுபாதிதான். ஹம் நகரில் தொழிற்பேட்டைக்குள்ளே எழுந்த காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் கும்பாபிஷேகம் நடந்ததும் இந்த முறையில்தான்.

ஐயா கும்பத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னுடைய காரில் முன்னுக்கு இருந்தார். பின்னுக்கு மகள், "அப்பா, சாமிக்கும் பெல்ட் போடவேணுமோ?" என்றாள். ஐயா சிரிக்காமல், தன் பெல்ட்டைக் கும்பத்தையும் சேர்த்துப் போட்டார்.

மூர்த்திகளை ஏற்றுவதற்கு இழுவைப்பெட்டி தந்தவர் அந்த ஜேர்மன்காரர்தான், விளம்பரத்தாள் கொண்டுவந்தவர். கல்லை ஏற்றிக் கயிறு கட்டும்போது, "கடவுளைக் கவனமாகக் கொண்டு போகவேண்டும்" என்றார். "கடவுள் இப்ப இதுக்குள்ளை இல்லை, முன் காரிலை குடத்துக்குள்ளை இருக்கிறார். அண்டைக்கு நீ கேட்டாய் அல்லவா தந்த்ரா எண்டு, இதுதான் அது. நான் அண்டைக்குப் பொய் சொல்லிப்போட்டன்" என்றேன். அவர் கும்பத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு வழி முழுக்க முப்பதிலேதான் ஓடிக்கொண்டு வந்தார்.