குருதி உரைத்த வரலாறு

தமிழ்நாட்டு உழவர் ‘வெக்கை’ என்று பெயரிட்டு அஞ்சிய மாட்டுநோய் ஒன்று இருந்தது. காய்ச்சல் காணும்; வாய் புண்ணாகும்; கழிச்சல் கண்டு, சில நாட்களில் தொழுவமே வெறுமையாகும். தஞ்சை நாட்டில் இதன் கொடுமை இரட்டிப்பானது. காவிரியில் நீர் வந்தவுடன் சேற்றை உழுதாக வேண்டும். அவ்வுழவுக்குப் பேர்பெற்றவை உம்பளாச்சேரி எருதுகள். அவை மாண்டால், வாய்க்கால் நிறைய நீர் ஓடியும் வயல் தரிசாகவே கிடக்கும்.

அந்நோய் இன்று உலகில் இல்லை. 2011-ஆம் ஆண்டில் உலக நாடுகள் இதனை முறைப்படி அறிவித்தன. உள்ளதை உண்டு என்று மெய்ப்பிப்பது எளிது. இல்லாததை இல்லை என்று மெய்ப்பிப்பது எங்ஙனம்? மாணவ நண்பர்களே, இவ்வினாவுக்கு மாட்டின் குருதி விடை தந்த வரலாற்றையே நான் உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

மாட்டுநோய்களை ஆராய 1889-இல் பூனாவில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்து, 1893-இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாறியது. 1920-களில் அங்கே எட்வர்ட்ஸ் என்பார் ஆட்டுடலில் வளர்த்து வலிமை குறைத்த நோய்க்கிருமியைத் தடுப்பு மருந்தாக்கினார். 1954-இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் வெக்கை இறுதியாகத் தோன்றியது 1995-இல், நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில்தான்.

பின்னர் வந்ததே கடினமான கட்டம். நோய் எங்கேனும் மறைந்திருக்கிறதா என்பதைக் குருதிச் சோதனையால் அறிய வேண்டும். குருதி உறைந்தபின் தெளிந்து நிற்கும் சீரத்தில் எதிர்ப்பொருள் உண்டா என்று பார்ப்பதே அச்சோதனை. எதிர்ப்பொருள் என்பது நோயன்று. உடல் கிருமியைச் சந்தித்ததன் நினைவு. தடுப்பூசி போட்ட மாட்டிலும் அந்நினைவு நெடுங்காலம் நிற்கும். ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று சோதனை பிரித்துக் காட்டாது.

ஆகவே, தடுப்பூசியையே நிறுத்தினாலன்றி உண்மை புலப்படாது. அஃது எத்துணைத் துணிவான முடிவு என்று எண்ணிப் பாருங்கள்! ஒரு மூலையில் நோய் எஞ்சியிருந்தாலும், காப்பற்ற இளங்கன்றுகளின் தலைமுறை முழுவதும் அழிந்துபோகலாம். ஆயினும் ஊசி படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன்பின் பிறந்த இளம் மாடுகளின் குருதியே சான்றாயிற்று. அவற்றுள்ளும் சில மாதக் கன்றுகளை விலக்கினர். தாயின் சீம்பால் வழியே வந்த எதிர்ப்பொருள் அவற்றின் உடலில் எஞ்சியிருக்கும் அன்றோ?

வேறொரு சிக்கலும் உண்டு. வெக்கைக்கு உறவான ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-இல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில் கண்டறியப்பட்டது. அறுவடைக்குப்பின் தஞ்சை வயல்களில் கிடைபோட ஆட்டு மந்தைகள் வருவதை அறிவீர்கள். ஆட்டின் நோய்க்கிருமி அருகே மேயும் மாட்டிலும் எதிர்ப்பொருளைத் தோற்றுவிக்கக்கூடும். எனவே, இரண்டையும் பிரித்தறியும் எலிசா சோதனை வேண்டியதாயிற்று.

எத்தனை மாடுகளைச் சோதிப்பது? பெரியதொரு மாட்டுத்திரளில் நூற்றுக்கு ஒன்றில் தொற்று இருப்பதாகக் கொள்வோம். சீட்டுக் குலுக்கி எடுத்தாற்போல் 300 மாடுகளைத் தெரிந்தெடுத்தால், ஒன்றேனும் அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 95. மறுபுறம், நூற்றுக்கு ஒருமுறை பிழைபடும் சோதனை, நோயற்ற 1,000 மாடுகளுள் பத்தினை நோய்பட்டவையாகக் காட்டும். ஆதலின் ஐயத்துக்குரிய முடிவு வந்தால் உடனே தீர்ப்புரையாது, அந்த ஊருக்கே சென்று, மாட்டின் வயதையும் ஊசி போட்ட வரலாற்றையும் கேட்டறிந்து, மந்தை முழுவதையும் மீண்டும் நோக்குதல் வேண்டும்.

இத்தகைய பொறுமையின் பயனாக, இந்தியா 2004-இல் வெக்கை நோயற்ற நாடாகவும், 2006-இல் அதன் தொற்றே அற்ற நாடாகவும் உலக விலங்குநல அமைப்பால் ஏற்கப்பட்டது.

கல்வெட்டில் ஓர் எழுத்தைக் கண்ட அளவில் அரசன் பெயரை முடிவு செய்யார் வரலாற்றாசிரியர்; காலமும் இடமும் சூழலும் நோக்கியே பொருள் கொள்வார். குருதிச் சோதனையும் அத்தகையதே. எண்ணைத் தருவது ஆய்வுக்கூடம். அவ்வெண்ணுக்குப் பொருள் தருவது மந்தையின் வரலாறு. கோமாரி முதலிய நோய்களோடு இன்று போராடும் கால்நடை மருத்துவருக்கும் வெக்கை விட்டுச்சென்ற பாடம் இதுவே.