எக்ஸ் சாளர முறைமை: பழைய மடிக்கணினிகளில் திரை அமைப்பு

எக்ஸ் சாளர முறைமை என்பது யுனிக்ஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களில் வரைகலைத் திரைக்கு அடிப்படையாக அமையும் மென்பொருள் ஆகும். இது 1984 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்டது. இதன் பதினொன்றாம் பதிப்பு 1987 இல் வெளியானது. புதிய லினக்ஸ் வழங்கல்கள் பல வேலண்டு என்னும் முறைக்கு மாறியுள்ளன. எனினும் பழைய கணினிகளில் எக்ஸ் தொடர்ந்து பயன்படுகின்றது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், திருவாரூர் மாவட்டம் குடவாசல் போன்ற காவிரிப் படுகைப் பகுதிகளின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் மடிக்கணினி கிடைக்க வழி செய்தது. எல்காட் நிறுவனம் வழியாக வழங்கப்பட்ட தொடக்ககாலக் கணினிகளில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய இயங்குதளம் ஆகும்.

இத்தகைய பழைய கணினிகளில் லினக்சை மீண்டும் நிறுவும்போது, திரை கருமையாகவோ குறைந்த பிரிதிறனிலோ தோன்றுவது உண்டு. இதைக் கொண்டு மட்டும் திரை பழுதடைந்தது எனக் கொள்ளலாகாது. கணினியை இயக்கியவுடன் தயாரிப்பாளரின் சின்னம் தெளிவாகத் தெரிந்தால், திரை பெரும்பாலும் நன்னிலையிலேயே உள்ளது. அந்நிலையில் புதுத் திரை வாங்கவோ கணினியைக் கைவிடவோ தேவையில்லை. அமைப்பைச் சரிசெய்தல் போதும்.

செயற்படும் விதம்

திரை தனது பிரிதிறன், அதிர்வெண் ஆகிய விவரங்களை ஈ.டி.ஐ.டி என்னும் தரவாகக் கணினிக்குத் தருகின்றது. எக்ஸ் வழங்கி அதனைப் படித்து, வரைகலைச் சில்லுக்கு உரிய இயக்கியின் துணையுடன் திரையை அமைக்கின்றது. முற்காலத்தில் இவ்விவரங்களைப் பயனரே அமைவுக் கோப்பில் எழுத வேண்டியிருந்தது. தவறான அதிர்வெண் பழைய கண்ணாடிக்குழாய்த் திரைகளைப் பழுதாக்கக்கூடியதாகவும் இருந்தது. 2000களின் இறுதிக்குள் தானாகக் கண்டறியும் முறை பரவியது. 2009 இல் வெளியான லினக்ஸ் 2.6.29 கெர்னலில், இன்டெல் சில்லுகளுக்குத் திரையைக் கெர்னலே அமைக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

பிழை களைதல்

* திரை கருமையாக இருப்பின், கிரப் பட்டியலில் கெர்னல் வரியின் இறுதியில் "நோமோட்செட்" என்னும் சொல்லை ஆங்கில எழுத்துகளில் சேர்த்துத் தொடங்கலாம். இதனால் பெரும்பாலும் எளிய வரைகலைத் திரையேனும் கிடைக்கும். இது தற்காலிக வழியே ஆகும்.
* வேறு கணினியிலிருந்து படியெடுத்த அமைவுக் கோப்பு இருப்பின், அதனை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, எக்ஸைத் தானாகக் கண்டறிய விடலாம்.
* எக்ஸின் பதிவுக் கோப்பில் இரண்டு "ஈ" எழுத்துகளால் குறிக்கப்பட்ட வரிகள் பிழைகளைக் காட்டும்.
* பிரிதிறன் தவறாக இருப்பின், எக்ஸ்ரேண்டர் கட்டளை கிடைக்கும் அளவுகளைப் பட்டியலிடும். வேண்டிய அளவு இல்லையெனில், அதற்குரிய வரியைச் சிவிடி கட்டளையால் கணக்கிட்டு எக்ஸ்ரேண்டர் மூலம் சேர்க்கலாம். சிவிடி அகலத்தை எட்டின் மடங்காக மாற்றுவதால், 1366 எனத் தந்தால் 1368 என விடை வரும், இது பிழையன்று.