அடுக்களை மேடையில் ஐங்கோணங்கள்

சதுர ஓடுகளை இடைவெளியில்லாமல் தரையில் பதிக்கலாம், அறுகோணங்களையும் பதிக்கலாம். ஒழுங்கான ஐங்கோணத்தை முடியாது. அதன் கோணம் 108 பாகை. ஒரு முனையில் மூன்றைச் சேர்த்தால் 324. மிச்சம் 36 பாகையில் நான்காவது நுழையாது. ஆனால் ஒழுங்கற்ற சில ஐங்கோணங்கள் பொருந்தும். 1918இல் கார்ல் ரைன்ஹார்ட் அப்படி ஐந்து வகைகளைக் கண்டார். 1968இல் ரிச்சர்ட் கெர்ஷ்னர் மூன்றைச் சேர்த்து, பட்டியல் முடிந்தது என்றார்.

முடியவில்லை. 1975இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் இதைப் பற்றி எழுதியதும், வாசகர் ஒருவர் ஒன்பதாவதை அனுப்பினார். சான் டியாகோவில் இல்லத்தரசியாக இருந்த மார்ஜரி ரைஸும் அந்த இதழைப் படித்தார். அது மகனுக்காக வந்துகொண்டிருந்த இதழ். பள்ளிக்கு மேல் அவர் கணிதம் படித்ததில்லை. தானே ஒரு குறியீட்டு முறையை உருவாக்கி, 1976, 77 ஆண்டுகளில் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். அந்த விசித்திரக் குறியீடுகளைப் பொறுமையாகப் படித்து, சரிபார்த்து, உலகறிய எழுதியவர் டோரிஸ் ஷாட்ஷ்னைடர் என்ற கணிதப் பேராசிரியை.

ரைஸ் அடுக்களை மேடையில்தான் வரைவார். யாராவது வந்தால் தாளை மூடிவிடுவார். இந்த ஒரு தகவலை என்னால் கடந்துபோக முடியவில்லை. சமைப்பதை எந்தப் பெண்ணும் மறைக்க வேண்டியதில்லை. யோசிப்பதை மறைக்க வேண்டியிருந்தது.

நான் கம்பளி நூலில் ஐங்கோணத் துண்டுகள் பின்னி, சேர்த்துத் தைத்து, குஷன் உறை செய்கிறேன். சாதாரணப் பின்னலில் இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி வீதம் ஓரத்தில் கூட்டினால், அந்த ஓரம் சாயும். கூட்டும் வேகத்தை மாற்றினால் சாய்வு மாறும். ஒரு துண்டில் கணக்குப் பிசகினால் பக்கத்துத் துண்டு ஒட்டாது. பின்னும் பெண்களுக்கு இது தெரியும். ஆனால் இதற்குக் கைவேலை என்றுதான் பெயர். கணிதம் என்று யாரும் சொல்வதில்லை. ரைஸின் கணக்கைக் கணிதம் என்று சொல்ல ஒரு ஷாட்ஷ்னைடர் இருந்தார். அப்படி ஒருவர் வாய்க்காத பெண்களின் தாள்கள் என்னவாகியிருக்கும்?

1999இல் ரைஸின் வடிவம் ஒன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கணிதச் சங்கக் கட்டடத்தில் தரை ஓடாகப் பதிக்கப்பட்டது. குவிந்த ஐங்கோணங்களில் மொத்தம் 15 வகைகளே பொருந்தும் என்று 2017இல் மிக்கேல் ராவ் கணினி உதவியுடன் நிறுவினார். அதே ஆண்டு ரைஸ் காலமானார். அந்தப் பதினைந்தில் நான்கு அவருடையவை.