நடன மண்டபம் எப்படிக் கல்யாண மண்டபமானது?

கண்டி வாவிக் கரையில், தலதா மாளிகைக்குக் கிட்ட, வீதி மூலையில் நிற்கும் அந்த வெள்ளைக் கட்டிடத்தைத் தெரியாதவர் நம்மில் இல்லை. குயின்ஸ் ஹோட்டல். அதற்குள்ளே வெள்ளைக்காரர் காலத்து நடன மண்டபம் ஒன்று இருக்கிறது. இன்று நாம் அதற்குள் போவதென்றால் பெரும்பாலும் ஒரு கல்யாண அழைப்பிதழோடுதான்.

லண்டனில் இப்படியான மண்டபங்களுக்கு நடந்தது வேறு. ஹமர்ஸ்மித் பாலே என்ற நடன மண்டபம் 1919இல் திறந்தது. அமெரிக்க ஜாஸ் குழு ஒன்று அங்கே வாசித்தது. பிறகு ரொக், பங்க், கடைசியில் இசைத்தட்டு சுழலும் நைட் கிளப். 2007இல் மூடினார்கள். வாத்தியக் குழுவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு ஆளையும் இசைத்தட்டுகளையும் வைத்தால் போதும் என்றானபோது அங்கே பல நடன மண்டபங்கள் நைட் கிளப்புகளாயின. கண்டியில் ஏன் அப்படி நடக்கவில்லை? வகுப்பில் பிள்ளைகளோடு பேசிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

முதலில், அந்த மண்டபம் யாருக்காக வந்தது? 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் பின் மலைகளில் கோப்பி வந்தது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அதே வருடத்தில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை நின்றது. தோட்டத்துத் துரைமார் மலையிலிருந்து இறங்கி, தங்கி, குடித்து, ஆடிக் களைப்பாறிய நகரம் கண்டி. அந்தப் பளபளப்பான மரத்தரைக்கான காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மன்னாரில் கரையிறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளரிடம் போய் நிற்போம். வழியிலேயே காய்ச்சலுக்கும் கொலராவுக்கும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அடுத்தது யுத்தம். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்காவுக்குள் அலுவலகங்கள் எழுந்தன. ஹோட்டல்கள் சீருடையால் நிரம்பின. பின்னாளில் சமையல் புத்தகங்களால் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அப்போது அமெரிக்க உளவு அமைப்பின் ஊழியராகக் கண்டியில் வேலை செய்தார். வருங்காலக் கணவரைச் சந்தித்ததும் இலங்கையில்தான். அதே நாட்களில் நம் மூத்தவர்கள் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றுபோயிருந்தன. ஒரே நகரத்தில் ஒரு பக்கம் வாத்தியம், மறுபக்கம் கூப்பன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

1945 இறுதியில் கட்டளைப்பீடம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. 1948இல் சுதந்திரம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு பறங்கியர் பலர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். இலங்கையில் மேற்கத்திய வாத்தியம் வாசித்தவர்களில் பலர் அந்தச் சமூகத்தவர். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன, துரைமாரும் போனார்கள். ஆடுவோரும் இல்லை, வாசிப்போரும் குறைவு. மண்டபம் மட்டும் மிஞ்சியது.

அதை நைட் கிளப்பாக்க ஊரின் அமைப்பு இடம் கொடுக்கவில்லை. எதிரே தலதா மாளிகை. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த புனித நகரம். போயா நாளில் மதுக்கடை பூட்டு. பெண்கள் மது வாங்குவதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்க, சில நாட்களில் ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் கல்யாணத்துக்கு எந்தத் தடையும் இல்லை. போருவையில் ஏறும் சிங்களக் குடும்பத்துக்கும், தாலி கட்டும் தமிழ்க் குடும்பத்துக்கும், வலீமா விருந்து வைக்கும் நமக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: தூண் மறைக்காத, நிறையப் பேர் ஒன்றாக உட்காரக்கூடிய பெரிய அறை. நடனத்துக்காகக் கட்டிய அறை அதற்கு அப்படியே பொருந்தியது.

ஒரு காலம் நம் ஆட்கள் அந்த மாதிரி மண்டபங்களுக்குள் தட்டு ஏந்தித்தான் போனார்கள். மலையகத்துத் துரைமார் கிளப்புகளில் உள்நாட்டவரை நீண்ட காலம் அங்கத்தவராகச் சேர்க்கவே இல்லை. இன்று அதே மாதிரி அறையில் நம் பிள்ளைகள் மாப்பிள்ளையாக உட்காருகிறார்கள். இதைச் சின்ன மாற்றம் என்று நாம் நினைக்கவில்லை.

சுற்றுலாக் கைநூல்களில் எந்தப் பிரபு எந்த அறையில் தூங்கினார் என்று இருக்கும். அந்தப் படுக்கையை விரித்தவர், கோட்டுத் தைத்துக் கொடுத்தவர், குசினியில் நின்றவர், விடிய விடிய ட்ரம்பெட் ஊதியவர் யாரென்று இருக்காது. அவர்களை அறிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வருடா வருடம் குறைகிறார்கள். உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ, அயலில் ஒரு பெரியவரோ கண்டி ஹோட்டல்களில் வேலை செய்திருந்தால் உட்கார்ந்து கேளுங்கள், பிள்ளைகளை வைத்து எழுதச் சொல்லுங்கள், இங்கேயும் கீழே பதியுங்கள். சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.